கோடம்பாக்கத்தில் ஒரு கொடி!

'கோடம்பாக்கத்துக் கொடி'ன்னதும் எந்தப் புதுமுக நாயகிக்கு வெச்ச பட்டப் பேருன்னு யோசிக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ். இது நிஜக் கொடி. வேர், தண்டு, இலை எல்லாம் உண்டு. கால்ஷீட் மட்டும் அஞ்சாறு வருஷமா தர மாட்டேங்குது!

"சினிமா இல்லாம கோடம்பாக்கத்தைப் பத்தி ஏதாச்சும் எழுதிட்டு வாங்க தம்பி..." பயிற்சிக்குச் சேர்ந்த ரெண்டாவது வாரமே எனக்குக் கிடைச்ச அசைன்மென்ட் இது. எலெக்ட்ரானிக்ஸ் மூணாவது வருஷம் படிக்கிற நான், பொறந்ததுலேர்ந்து இந்த ஏரியாவுலதான் இருக்கேன். ஆனாலும் சினிமாவைக் கழிச்சிட்டா கோடம்பாக்கத்துல என்ன மிஞ்சும்னு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை.

பேருக்கே ஒரு கதை சொல்வாங்க. நவாப் காலத்துல இங்கே குதிரைகளைக் கட்டிவெச்ச தோட்டம் இருந்ததாம். 'கோடா பாக்', அதாவது குதிரைத் தோட்டம், மருவி கோடம்பாக்கம் ஆச்சாம். உண்மையோ, கட்டின கதையோ... இப்ப குதிரையும் இல்லை, தோட்டமும் இல்லை. பஸ்ல 'லிபர்ட்டி'ன்னு கண்டக்டர் குரல் கொடுப்பார். இறங்கிப் பார்த்தா லிபர்ட்டி தியேட்டரே இருக்காது. ஸ்டாப்பிங்குக்குப் பேரை மட்டும் விட்டுட்டுப் போயிடுச்சு. தோட்டம்னு பார்க்கணும்னா ரங்கராஜபுரம், டிரஸ்ட்புரம் பக்கம் பழைய வீட்டு மொட்டை மாடிகளுக்குத்தான் ஏறணும்.

அப்படி ஒரு மொட்டை மாடி எங்க பாட்டி வீட்டுல இருக்கு. இந்தக் கட்டுரை அச்சாகி உங்க கைக்கு வரும்போது 'இருந்தது'ன்னு திருத்திப் படிச்சுக்குங்க. மாசி முடியறதுக்குள்ள காலி பண்ணணும். இடிச்சிட்டு ஃப்ளாட் கட்டப் போறாங்க. எங்களுக்கு ரெண்டு ஃப்ளாட், மீதி கட்டுறவருக்கு. கோடம்பாக்கத்துல பாதிக் குடும்பம் இந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டவங்கதான். அதனால எங்க வீட்டுல பெரிய சோகமெல்லாம் இல்லை. லிஃப்ட் வரும்னு பாட்டிக்குச் சந்தோஷம்கூட! மூட்டு வலி.

எல்லாரும் தயங்குற ஒரே விஷயம் கொடிதான்.

தாத்தா ஸ்டுடியோக்கள்ல லைட்மேனா வேலை பார்த்தவர். (சினிமா வந்துடுச்சு... மன்னிக்கணும். இதுக்கு மேல வராது!) 1996-ல் ஒரு அவுட்டோர் ஷூட்டிங்குக்காக மகாராஷ்டிராவுல சோலாப்பூர் பக்கம் போயிருந்தப்ப, ஒரு தோட்டக்காரர்கிட்ட கேட்டு நாலு குச்சி வாங்கி, ஈரச் சாக்குல சுத்தி, ரயில்ல கொண்டுவந்திருக்கார். 'வெள்ளைத் திராட்சை, கொட்டையே இருக்காது'ன்னு பாட்டிகிட்ட பெருமையா காட்டினாராம். "திராட்சைன்னு சொல்லிட்டு சுள்ளியைக் கொண்டாந்து காட்றாரேன்னு நினைச்சேன்" - இது பாட்டி.

அந்தச் சுள்ளியில ஒண்ணு பொழைச்சு, பின்பக்கக் கிணத்தடியிலேர்ந்து மாடிக்கு ஏறி, சவுக்குக் கட்டையும் கட்டுக்கம்பியும் போட்ட பந்தல்ல படர்ந்துடுச்சு. வருஷம் ஒரு தடவை, சித்திரை வெயில்ல, பத்துப் பதினஞ்சு கொத்து காய்க்கும். சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கடைப் பழம் மாதிரி இல்லியேன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். ஆனா, நல்ல இனிப்பு.

2019-ல் தாத்தா போயிட்டார். அடுத்த சித்திரையிலேர்ந்து ஒரு கொத்துகூட இல்லை. கொடி மட்டும் காடு மாதிரி வளருது. "அவரு போன துக்கம் அதுக்கு"ன்னு பாட்டி சொல்லுவாங்க. தெருவுல எல்லாரும் அதையே சொல்லிச் சொல்லி, அது எங்க வீட்டுல ஒரு ஸ்தல புராணமாவே ஆயிடுச்சு. காலி பண்ற நேரத்துல, 'துக்கம் அனுஷ்டிக்கிற' கொடியை வெட்ட யாருக்கு மனசு வரும்?

எனக்கு அந்தப் பதில் சரின்னு படலை. சர்க்யூட் வேலை செய்யலைன்னா 'போர்டுக்கு மனசு சரியில்லை'ன்னு லேப்ல எழுதிக் கொடுக்க முடியுமா? எங்கேயோ ஒரு ஃபால்ட் இருக்கணும்.

விசாரணையை பிரிட்ஜ் கிட்ட நிக்கிற திராட்சை வண்டியிலேர்ந்து ஆரம்பிச்சேன். தை பிறந்தாச்சுன்னா கோடம்பாக்கம் பாலத்தடியிலேர்ந்து பவர் ஹவுஸ் வரைக்கும் தள்ளுவண்டிகள்ல பச்சைத் திராட்சை வந்துடும். பாதி வண்டி பச்சை, பாதி வண்டி கறுப்பு. கறுப்பு நம்ம ஊர். தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்குல விளையிற பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிடுச்சு. அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் மாத்தி மாத்திக் கவாத்து பண்றதால வருஷம் முழுக்கக் கிடைக்கும். கொட்டை உண்டு, வாசனையும் உண்டு. பச்சை அப்படியில்லை. ஜனவரியில வரும், வெயில் ஏறினதும் போயிடும். முக்கால்வாசி மகாராஷ்டிரா, கொஞ்சம் கர்நாடகாவுல விஜயபுரா பக்கம்.

ஒரு பழத்தை எடுத்து, மேலே இருந்த வெள்ளைப் பூச்சைச் சட்டையில நல்லா துடைச்சேன். வண்டிக்கார அக்கா சிரிச்சிட்டாங்க.

"என்னா தம்பி, மருந்துன்னு துடைக்கிறியா? அது மருந்து இல்ல. பழத்துல தானா வர்றது. அது இருந்தாதான் பழம் புதுசுன்னு அர்த்தம். கை பட்டுப் பட்டு அழிஞ்சிட்டா ரெண்டு நாள்ல தொவண்டுடும்."

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி. அந்த வெள்ளை மாவு ஒரு மெழுகு. பழத்துக்குள்ள இருக்கிற தண்ணி ஆவியாகாம இருக்கிறதுக்காகத் தோலே சுரந்து பூசிக்கிற ரெயின்கோட். சாங்லி பக்கம் உலர் திராட்சை பண்றவங்களுக்கு இந்த மெழுகுதான் முதல் எதிரி. பொட்டாசியம் கார்பனேட்டும் எண்ணெயும் கலந்த கரைசல்ல பழத்தை முக்கி, மெழுகைக் கலைச்சுவிட்டுத்தான் நிழல்ல உலர்த்துறாங்க. பாயசத்துல போடுற 'கிஸ்மிஸ்' அதுதான். பாரசீக வார்த்தை. கொட்டையில்லாத இந்தத் திராட்சைக்கே அந்தப் பக்கம் 'கிஷ்மிஷ்'னுதான் பேர்.

அதுக்காக மருந்தே கிடையாதுன்னு கிளம்பிடாதீங்க. மருந்து இருந்தா கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கழுவித்தான் சாப்பிடணும். நான் துடைச்சது மட்டும் வேஸ்ட்!

"இது என்ன ரகம் அக்கா?"

"சீட்லெஸ்."

"சீட்லெஸ்ல என்ன ரகம்?"

"அதெல்லாம் கோயம்பேட்ல போய்க் கேளு. எனக்கு இனிப்பு ரகம், புளிப்பு ரகம், ரெண்டுதான்."

கேட்டுட்டா விடுவோமா? மறுநாள் காலை அஞ்சு மணி. வடபழனி தாண்டி நூறடி ரோட்டுல பைக்ல போனா இருட்டு விலகறதுக்குள்ள கோயம்பேடு. 1996-ல் மார்க்கெட் இங்கே வந்துச்சு. எங்க கொடிக்கும் இதுக்கும் ஒரே வயசு! பழ மண்டிப் பக்கம் ஆரஞ்சு வாசனையும் அழுகின அன்னாசி வாசனையும் கலந்து அடிக்க, அட்டைப் பெட்டிகள்ல காகிதம் விரிச்சுப் படுத்திருந்தது பச்சைத் திராட்சை. ஒரு மண்டிக்காரர், கணக்கு எழுதிக்கிட்டே பாடம் எடுத்தார். உருண்டையா, கொஞ்சம் நீள்வட்டமா இருக்கிறது தாம்சன். விரல் நுனி மாதிரி நீண்டிருக்கிறது சோனாக்கா. அப்புறம் தாஸ்-ஏ-கணேஷ், மாணிக் சமன்...

"ஆனா தம்பி, எல்லாம் ஒரே குடும்பம்."

குடும்பம்னு அவர் சொன்னது தன்னடக்கம். அதை விட நெருக்கம். எல்லாம் ஒரே செடி!

எப்படின்னா, கொட்டையில்லாத பழத்தை விதை போட்டு வளர்க்க முடியாது இல்லையா? ஒரே வழி, கொடியை வெட்டிக் குச்சியா நடணும். குச்சியிலேர்ந்து வர்றது குழந்தை இல்லை. அதே கொடிதான், வேற இடத்துல. அப்படி வெட்டி வெட்டி நட்டு வரும்போது எங்கேயோ ஒரு தோட்டத்துல, ஒரு கிளை மட்டும் கொஞ்சம் வித்தியாசமா காய்க்கும். கண்ணு கூர்மையா இருக்கிற விவசாயி அந்தக் கிளையை மட்டும் தனியா வெட்டி நடுவார். சாங்லி மாவட்டத்துத் தாஸ்காவ் பக்கம் அப்படிக் கண்டெடுத்தது தாஸ்-ஏ-கணேஷ். சோலாப்பூர் மாவட்டத்து நானஜ் கிராமத்துல கிடைச்சது சோனாக்கா. ஆராய்ச்சிக்கூடமெல்லாம் இல்லை, விவசாயிகளோட கண்ணுதான். தாத்தா ரகத்தோட பேரைக் கேட்டு எழுதி வெச்சிருந்தா என்னவாம்!

சரி, தாம்சன் யாரு? வில்லியம் தாம்சன்னு ஒரு இங்கிலாந்துக்காரர். 1863-ல் குடும்பத்தோட கலிபோர்னியாவுல யூபா சிட்டி பக்கம் குடியேறினார். 1872-ல் நியூயார்க்லேர்ந்து 'லேடி டி கவர்லி'ங்கிற திராட்சையோட குச்சி மூணு வரவழைச்சார். மூணுல ஒண்ணுதான் பொழைச்சது. 1875-ல் மேரிஸ்வில் கண்காட்சியில அந்தப் பழத்தை வெச்சப்ப ஊர் ஆச்சரியப்பட்டுப் போச்சு. எல்லாரும் 'தாம்சன் சீட்லெஸ்'னு கூப்பிட ஆரம்பிச்சு, சீமாட்டி கவர்லி காணாமப் போயிட்டாங்க. அந்த இடத்தைக் கலிபோர்னியா அரசு 929-ம் எண் வரலாற்றுச் சின்னமாவே அறிவிச்சிருக்கு. அதுக்கு ரொம்ப நாள் முன்னாடியிலேர்ந்தே இதே கொடி துருக்கியில 'சுல்தானா', ஈரான் - ஆப்கானிஸ்தான் பக்கம் 'கிஷ்மிஷ்'.

அங்கே மூணுல ஒண்ணு. எங்க வீட்டுல நாலுல ஒண்ணு. தாத்தா பாஸ் மார்க்!

மண்டியில கால் கிலோ வாங்கிட்டு வந்து (சில்லறையா தர மாட்டேன்னவர் 'பத்திரிகை'ன்னதும் தந்தார்), வீட்டுல பிளேடால ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். நீங்களும் பாருங்க. நடுவுல கடுகுல பாதி அளவு, மெத்துனு, பழுப்பா ஏதோ ஒண்ணு இருக்கும். அதுதான் விதை. ஆமாம், சீட்லெஸ்ல சீட் உண்டு!

வாழைப்பழத்துல மகரந்தமே சேராம காய் பிடிக்குது. அதனால விதைக்கே வாய்ப்பில்லை. இந்தத் திராட்சையில அப்படியில்லை. பூ பூக்கும், மகரந்தம் சேரும், கரு உண்டாகும். கொஞ்ச வாரத்துல அந்தக் கரு வளர்றதை நிறுத்திடும். விதைத் தோல் கெட்டிப்படறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிடும். நாம மெல்லும்போது பல்லுக்குக்கூடத் தெரியாது. காரணம் என்னன்னு 2018-ல் ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. விதைத் தோல் உருவாகக் காரணமான ஒரு மரபணுவுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அதனால அந்தப் புரதத்துல 197-வது இடத்துல அர்ஜினினுக்குப் பதிலா லியூசின். எங்க பாஷையில சொன்னா, ஒரே ஒரு பிட் ஃபிளிப். உலகம் முழுக்க விற்கிற கொட்டையில்லாத திராட்சையில பெரும்பாலானது அந்த ஒரு தப்பைத்தான் சொத்தா வாங்கி வெச்சிருக்கு.

இதுல ஒரு சிக்கல். பழத்தைப் பெரிசாக்கற ஹார்மோன், வளர்ற விதையிலேர்ந்துதான் வரும். விதை பாதியில நின்னுட்டா பழமும் சின்னதாத்தான் இருக்கும். அப்புறம் கோயம்பேட்டுப் பழம் மட்டும் எப்படிக் கோலிகுண்டு சைஸ்?

பதில் ஜப்பான்காரங்ககிட்ட இருக்கு. நெல் நாத்துக்கு ஒரு நோய் வரும். சட்டுனு நெடுநெடுன்னு வளர்ந்து, வெளுத்து, சாஞ்சிடும். ஜப்பான்ல அதுக்குப் பேரே 'முட்டாள் நாத்து'. அந்த நோயை உண்டாக்குற பூஞ்சை சுரக்கிற ஏதோ ஒண்ணுதான் இப்படி வளர வைக்குதுன்னு 1926-ல் நிரூபிச்சவர் குரோசாவா. ('செவன் சாமுராய்' எடுத்த குரோசாவா இல்லை. கோடம்பாக்கம்னதும் உடனே அங்கே போயிடாதீங்க!) 1935-ல் அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின்னு பேர் வெச்சாங்க. செடிகளுக்குள்ளேயும் இயற்கையா அதே ஹார்மோன் இருக்குன்னு பின்னாடி தெரிஞ்சது. 1960 வாக்குல கலிபோர்னியா திராட்சைத் தோட்டங்கள்ல தெளிக்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு நாசிக், சாங்லியில, பிஞ்சு பிடிச்சதும் குவளையில ஜிப்ரலிக் அமிலக் கரைசல் எடுத்துட்டுப் போய், ஒவ்வொரு கொத்தா முக்கி எடுக்கிறாங்க. விதை கொடுக்காத சிக்னலை மனுஷன் வெளியிலேர்ந்து கொடுக்கறான். அவ்வளவுதான் மேட்டர்.

அப்ப எங்க மாடியில காய்ச்ச 'சுண்டைக்காய்' திராட்சை? அதுதான் இந்த ரகத்தோட உண்மையான சைஸ்! இத்தனை வருஷமா கிண்டல் பண்ணினதுக்குத் தாத்தா போட்டோ முன்னாடி ஒரு சாரி சொல்லிட்டு மாடிக்கு ஏறினேன்.

பொறுமையா ஒரு மணி நேரம் அந்தக் கொடியை உத்துப் பார்த்தது அன்னிக்குத்தான். இலைக்கு அஞ்சு மடல், ஓரமெல்லாம் ரம்பப் பல்லு. தடவினா ரோமம் இல்லாம வழவழன்னு இருக்கு. ஒவ்வொரு கணுவுலயும் ஒரு இலை, சில கணுக்கள்ல இலைக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு பற்றுக்கம்பி. ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கட்டுக்கம்பியைப் புடிச்சிருக்கு. 'சில கணுக்கள்ல'ன்னா எதுல எதுலன்னு எண்ணிப் பார்த்தேன். இருக்கு, இருக்கு, இல்லை. இருக்கு, இருக்கு, இல்லை. ஒன்று-ஒன்று-பூஜ்யம்! வேற கிளையில எண்ணினேன். அதேதான். மாடியில தனியா நின்னு 'ஏய்...'ன்னு கத்தினதுல பக்கத்து ஃப்ளாட் ஆன்ட்டி ஜன்னலைத் திறந்து பார்த்தாங்க.

இந்த ஒன்று-ஒன்று-பூஜ்யம் எல்லா ஐரோப்பியத் திராட்சைக்கும் உள்ள கையெழுத்து. விஷயம் அதோட நிக்கலை. காய்க்கிற கொடியில, கொத்து வர்றதும் அதே இடத்துலதான், இலைக்கு எதிர்ப்பக்கம். ஏன்னா பற்றுக்கம்பியும் பூங்கொத்தும் ஒரே மூலத்துலேர்ந்து வர்றவை. மொட்டுக்குள்ள ஒரு துளி திசு இருக்கும். அது கொத்தாகறதா, கம்பியாகறதான்னு ஆரம்பத்துல முடிவாகியிருக்காது. சைட்டோகைனின்கிற ஹார்மோனும், நல்ல வெயிலும், சேர்த்துவெச்ச சாப்பாடும் இருந்தா கொத்து. நிழலும், ஜிப்ரலினும் ஜாஸ்தியானா கம்பி. பழத்தைப் பெரிசாக்கற அதே ஜிப்ரலின், மொட்டுல கூடிப் போனா பழத்தையே வர விடாது!

(இதுக்காகவே, ஜிப்ரலினை அடக்கற குளோர்மெக்வாட்டுங்கிற மருந்தைத் தோட்டங்கள்ல பயன்படுத்தினாங்க. 2010-ல் ஐரோப்பாவுக்குப் போன நம்ம திராட்சை, கிலோவுக்கு 0.05 மில்லிகிராம்கிற வரம்பைத் தாண்டிடுச்சுன்னு திரும்பி வந்து, ஏற்றுமதி பண்ணினவங்க தலையில கை வெச்சது இந்த மருந்தாலதான்.)

முடிவு எப்ப எடுக்கப்படுதுங்கிறதுதான் முக்கியம். இன்னிக்கு வண்டியில இருக்கிற கொத்து, போன வருஷக் கோடையிலேயே மொட்டுக்குள்ள உருவானது. மகாராஷ்டிராவுல ஏப்ரல்ல ஒரு கவாத்து, அக்டோபர்ல ஒரு கவாத்து. ஏப்ரல்ல வெட்டினதும் வர்ற புதுக்கிளையில, அந்த வெயில்ல, கொத்து கருவாகும். அக்டோபர்ல வெட்டினதும் அது வெளியே வரும். அப்படி வெட்டும்போது தாம்சன் வகையறாவுல ஒரு விதி உண்டு. கிளையோட அடிக்கணுக்கள்ல இருக்கிற மொட்டுகள் பெரும்பாலும் மலடு. கொத்து உள்ள மொட்டெல்லாம் அஞ்சாறு கணு தள்ளித்தான் இருக்கும். மத்த சில ரகங்கள் மாதிரி ரெண்டு கணு விட்டு ஒட்ட வெட்டினீங்கன்னா, அந்த வருஷப் பழத்தையெல்லாம் வெட்டிக் குப்பையில போட்டுட்டீங்கன்னு அர்த்தம்.

இதைப் படிச்சதும் எனக்குக் கை நடுங்கிடுச்சு. நேரா பாட்டிகிட்ட போனேன்.

"பாட்டி, தாத்தாவுக்கு அப்புறம் கொடியை யாரு வெட்டறாங்க?"

"தேங்காய் பறிக்க வருவாரே, அவருதான். பொங்கலுக்கு முன்னாடி வந்து சுத்தமா வெட்டிடுவாரு."

"சுத்தமான்னா?"

"மொட்டை அடிச்ச மாதிரி. பாக்க லட்சணமா இருக்கும்."

"தாத்தா எப்படி வெட்டுவாரு?"

பாட்டி கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் வலது கையை நீட்டி, முழங்கையிலேர்ந்து நடுவிரல் வரைக்கும் இடது கையால தொட்டுக் காட்டினாங்க. "ஒரு முழம் அளப்பாரு. ஒவ்வொரு கிளையா கையை வெச்சு அளந்து அளந்து, அதுக்கு மேலதான் வெட்டுவாரு. பூக்காரி கெட்டா போன்னு கேலி பண்ணுவேன். சும்மா அவருக்கு ஒரு பழக்கம்னு நெனச்சேன் கண்ணு..."

ஒரு முழத்துல எத்தனை கணு? மாடிக்கு ஓடிப்போய் என் கையை வெச்சே அளந்தேன். ஏழு.

ஃபால்ட் கிடைச்சாச்சுன்னு குதிச்சிருக்கலாம். ஆனா இன்னொரு சந்தேகக் கேஸும் இருக்கே! பக்கத்துல அஞ்சு மாடி ஃப்ளாட் வந்ததும் தாத்தா போறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். கோடையில மொட்டு உருவாகற நேரத்துல, மத்தியானம் ரெண்டு மணிக்கே எங்க பந்தல்ல நிழல் விழுந்துடுது. வெயில் குறைஞ்சாலும் கொத்து கம்பியாயிடும். காரணம் ஒட்ட வெட்டினதா, நிழலா, ரெண்டுமா? சரியா கண்டுபிடிக்கணும்னா இந்தத் தடவை முழம் போட்டு வெட்டிட்டு, சித்திரை வரைக்கும் காத்திருந்து பார்க்கணும். வீடு மாசி வரைக்கும்தான்.

பாட்டிகிட்ட இதையெல்லாம் சொல்லணுமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். 'துக்கம் இல்லை பாட்டி, நாமதான் தப்பா வெட்டினோம்'னு சொன்னா, அத்தனை வருஷப் பழத்தையும் தானே குப்பையில போட்ட மாதிரி நினைச்சுடுவாங்களோன்னு பயம். ஆனா அவங்களே கேட்டுட்டாங்க. சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "அப்ப அது நல்லாத்தான் இருக்குதா?"ன்னாங்க. ஆமான்னேன். "மொதல்லயே சொல்றதுக்கென்ன? நான் அதுகிட்ட போய் அழுதுட்டு வருவேன், தெரியுமா"ன்னு என்னைத்தான் திட்டினாங்க!

அதுக்கப்புறம் வெட்ட யாருக்கும் தயக்கமில்லை. போன வருஷக் கிளையில, பச்சையா இல்லாம நல்லா பழுப்பேறி, பென்சில் தடிமன்ல இருக்கிறதா பார்த்து எடுத்தேன். குச்சிக்கு நாலு கணு. அடிப்பக்கம் கணுவுக்குக் கீழே நேரா ஒரு வெட்டு, மேல்பக்கம் சாய்வா ஒரு வெட்டு. சாய்வு எதுக்குன்னா, எது தலை எது கால்னு மறந்துடாம இருக்கறதுக்கு. தலைகீழா நட்டா ஒழுங்கா வராது. குச்சிக்கு எது மேலேன்னு தெரியும், நமக்குத்தான் தெரியாது. பாட்டி சேர்த்துவெச்ச ஆவின் தயிர் கவர்ல ஓட்டை போட்டு, மண்ணும் மணலும் மக்கின எருவும் நிரப்பி, பதினெட்டுக் குச்சி நட்டோம். அக்கம்பக்கத்துல கேட்டவங்க லிஸ்ட் ஏற்கெனவே இருபதைத் தாண்டிடுச்சு. திராட்சை வண்டி அக்காவும் ஒண்ணு கேட்டிருக்காங்க.

மூணாவது வாரம் ஒன்பது குச்சியில துளிர்! கேம்பஸ் இன்டர்வியூவுல செலக்ட் ஆன மாதிரி சத்தம் போட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, குச்சிக்குள்ள சேர்த்துவெச்ச மாவுச்சத்தை வெச்சே முதல் இலை வந்துடும், வேர் வந்திருக்கணும்னு அவசியமில்லைன்னு. நாலு குச்சி துளிர்த்துட்டு அப்படியே கருகிப் போச்சு. இன்னொண்ணை, வேர் வந்திருக்கான்னு பார்க்க நானே புடுங்கிப் பார்த்துக் கெடுத்தேன். வேர் வந்திருந்தது. வெள்ளையா, மூணு நூல் மாதிரி. ஒடைஞ்சு போச்சு.

பதினெட்டுல நாலு. எங்க புது வாடகை வீடு சாலிகிராமத்துல. போன ஞாயித்துக்கிழமை சாமான் லாரியில முன்னாடி போக, பாட்டியும் நானும் பின்னாடி ஆட்டோவுல போனோம். நாலு தயிர் கவர்ல மூணு என் காலடியில, ஒண்ணு பாட்டி மடியில. அந்த வீட்டுப் பால்கனியில வெயில் எத்தனை மணி வரைக்கும் விழுதுன்னு நான் இப்ப நோட்டுல குறிச்சுட்டு வர்றேன். மடியில வந்த கன்று என் சுண்டுவிரல் உயரம் இருக்கு. மூணு இலை. நாலாவது கணுவுல இன்னும் பற்றுக்கம்பி வரலை. தினமும் காலையில பாட்டி தன் முழங்கையை அது பக்கத்துல வெச்சுப் பார்க்கறாங்க.